பழைய சோபாவில் மூட்டைப்பூச்சி: பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

"பழைய பொருள் என்று தெரிந்துதானே வாங்கினீர்கள்?" இணையத்தில் வாங்கிய கட்டிலிலோ சோபாவிலோ மூட்டைப்பூச்சியைக் கண்டு பணத்தைத் திரும்பக் கேட்கிறவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் இதுதான். கேட்டவரும் அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியாமல் அடங்கிவிடுகிறார். அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தெரியாததால், கைக்கு வந்திருக்க வேண்டிய பணத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர், கிடைக்க வழியே இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

மாசுபட்ட பழைய பொருளுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதன்கீழ் 2020இல் வந்த மின்வணிக விதிகள் ஆகிய நான்கிலும் பதில் சிதறிக் கிடக்கிறது. நான்கையும் சேர்த்துப் படித்தால் இரண்டு கேள்விகள் மேலே வரும். விற்றவர் யார்? பொருள் வீட்டுக்கு வந்த முதல் ஓரிரு நாளில் வாங்கியவர் என்ன செய்தார்? பணம் திரும்புமா என்பது பெரும்பாலும் இந்த இரண்டிலேயே முடிவாகிவிடுகிறது.

## பழசு வேறு, மாசு வேறு

துணி வெளுத்திருப்பது, கைப்பிடியில் கீறல், கொஞ்சம் அமுங்கிப்போன ஸ்பிரிங் எல்லாம் பழசின் அடையாளங்கள். விலை குறைந்ததே அவற்றுக்காகத்தான். அவற்றைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்பது நியாயமும் ஆகாது, நிற்கவும் நிற்காது.

மாசு என்பது, அந்தப் பொருளைப் பயன்படுத்தினால் உடலுக்கோ வீட்டிலுள்ள மற்றப் பொருட்களுக்கோ கேடு வரும் நிலை. வீடுகளில் அடிக்கடி தென்படுபவை மூன்று வகை.

1. உயிரோடு வருபவை: சோபா, மெத்தை, கட்டிலில் மூட்டைப்பூச்சி, குளிர்சாதனப் பெட்டி, மைக்ரோவேவ் அடுப்பில் கரப்பான், மரச்சாமானில் மாவு போன்ற தூளை உதிர்க்கும் உளு.
2. ஈரத்தால் வருபவை: மெத்தை, புத்தகம், தோல் பை, தலையணை ஆகியவற்றில் பூஞ்சணம்.
3. ஊறிப்போனவை: வளர்ப்புப் பிராணிகளின் சிறுநீர், சிகரெட் புகை, கழிவுநீர் கலந்த வெள்ளத்தில் மூழ்கி எழுந்த பொருள். 2015இலும் 2023 டிசம்பரிலும் சென்னைத் தெருக்களில் நின்ற தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்றாவது வகையை விளக்க வேண்டியதில்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(10)ஆம் பிரிவு 'குறைபாடு' என்பதை வரையறுக்கும்போது தரம், அளவு ஆகியவற்றோடு தூய்மையையும் சேர்த்தே சொல்கிறது. சட்டமோ ஒப்பந்தமோ கோரும் தரத்திலிருந்தோ, விற்பவர் எந்த வகையிலாவது சொல்லிக்கொண்ட தரத்திலிருந்தோ பொருள் குறைந்தால் அது குறைபாடு. ஆகவே பழைய பொருளுக்கும் குறைபாடு உண்டு. அதன் அளவுகோல் புதுப் பொருளின் தரமல்ல. விற்பவர் சொன்ன சொல்லும், அந்த விலைக்கு ஒருவர் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியதும்தான். பழைய சோபா வாங்குகிறவர் பழசை ஏற்றுக்கொள்கிறார். பூச்சிக்கூட்டை ஏற்றுக்கொண்டதாக யாரும் சொல்ல முடியாது.

## விற்றவர் யார்?

பேரம் பேசும்போது யாரும் கேட்காத கேள்வி இது. பணத்தைத் திரும்பக் கேட்கும்போது முதலில் வந்து நிற்பதும் இதுவே.

1. வணிகர். பழைய பொருட்களை வாங்கிப் பழுதுபார்த்து விற்பதையே தொழிலாகக் கொண்டவர். சொந்த இணையதளம் வைத்திருக்கலாம், பெரிய தளத்தில் கடை போட்டிருக்கலாம், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்கலாம். எல்லாம் ஒன்றுதான்.
2. தனிநபர். வேலை மாற்றலாகி ஊரை விட்டுப் போகிறவர் தம் வீட்டுக் கட்டிலை விற்கிறார். விற்பது அவர் தொழிலல்ல.
3. தளம். ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்றவை பெரும்பாலும் விளம்பரப் பலகைகள். அங்கே விற்பவர் வேறு, பலகையின் சொந்தக்காரர் வேறு. பணத்தைத் தாங்களே வாங்கி, பொருளைச் சோதித்து அனுப்புவதாகச் சொல்லும் தளங்களின் நிலை வேறு. அவற்றுக்குப் பொறுப்பு கூடுதல்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இந்தக் கோட்டைத் தெளிவாகவே போட்டிருக்கின்றன. ஒரு தனிமனிதர் தம் சொந்த நிலையில் செய்யும் விற்பனைக்கு இந்த விதிகள் பொருந்தா. ஆனால் அதை வழக்கமாகவோ முறையாகவோ நடத்தும் தொழிலாகச் செய்தால் பொருந்தும். 'தனிநபர்' என்ற பெயரில் விளம்பரம் போட்டிருந்தாலும் செய்வது வணிகமென்றால் விதி அவரைப் பிடிக்கும்.

இங்கேதான் வாங்குகிறவர்கள் கவனம் தவறுகிறார்கள். வீட்டுச் சாமான் விற்பவர்போல் விளம்பரம் கொடுக்கும் வியாபாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரே கைப்பேசி எண்ணில் எட்டுக் கட்டில், ஆறு சோபா விற்பனைக்கு இருந்தால் அது வீடு காலி செய்கிறவரின் விளம்பரமாக இருக்க முடியாது. தகராறு தொடங்கியதும் அந்த விளம்பரங்கள் மறைந்துவிடக்கூடும். எனவே விற்பவருக்குப் புகார் அனுப்புவதற்கு முன்பே, அவருடைய மற்ற விளம்பரங்களையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது. அவரை வணிகர் என்று நிறுவுவதற்கு அதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது.

## வணிகரிடம் வாங்கியிருந்தால்

வாங்கியவரின் கை இங்கே ஓங்கியிருக்கிறது. மூன்று விதிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, மின்வணிக விதிகளின் 6, 7ஆவது விதிகள். பெரிய தளத்தில் கடை போட்டு விற்பவருக்கு 6ஆவது விதி, சொந்த இணையதளத்தில் விற்பவருக்கு 7ஆவது விதி. பொருள் குறைபாடுடையதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டாலோ, அதைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது. 'பழைய பொருளுக்கு இது பொருந்தாது' என்று அந்த விதிகளில் எங்கும் இல்லை.

இரண்டாவது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47)ஆம் பிரிவு. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள் பணத்தைத் தர மறுப்பதையே அது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்துவிட்டால் கதை முடிந்தது என்றுதான் கடைக்காரரும் நினைக்கிறார், வாங்கியவரும் நினைக்கிறார். மனம் மாறித் திருப்பிக் கொடுக்க வருகிறவரிடம் வேண்டுமானால் அந்த வரியைக் காட்டலாம். குறைபாடுள்ள பொருளோடு வருகிறவரை அதைக் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது.

மூன்றாவது, சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு. விவரம் சொல்லிப் பொருளை விற்பவர் அந்த வகைப் பொருளில் வியாபாரம் செய்கிறவராக இருந்தால், அது சந்தையில் விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, யாரும் எழுதாமலேயே அந்த விற்பனைக்குள் அடங்கியிருக்கிறது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. வாங்குகிறவர் முன்கூட்டியே நேரில் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு இந்த நிபந்தனை பொருந்தாது. 'வந்து பார்த்துவிட்டுத்தானே எடுத்துப் போனீர்கள்' என்ற வாதத்தின் வேர் இங்கே இருக்கிறது. ஆனால் மூட்டைப்பூச்சி பகல் வெளிச்சத்தில் மெத்தையின் மேல் வந்து உட்கார்ந்திருப்பதில்லை. சோபாவின் அடியில் ஆணியடித்த கறுப்புத் துணிக்கு உள்ளே, கட்டிலின் திருகு ஓட்டைகளில், மெத்தை ஓரத்தின் தையல் மடிப்பில் ஒளிந்திருக்கிறது. அடித்துணியைக் கிழித்துப் பார்க்க எந்த விற்பனையாளரும் விடமாட்டார். ஆகவே சாதாரணமாகப் பார்வையிட்டதில் அது தெரிந்திருக்க வேண்டும் என்ற வாதம் வலுவற்றது. படத்தைப் பார்த்தே பணம் கட்டியவருக்கு இந்தச் சிக்கலே இல்லை.

'இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகிறது' என்ற வாசகத்தையும் சொல்ல வேண்டும். எழுதாமலேயே அடங்கிய நிபந்தனைகளை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு விலக்கிக்கொள்ளலாம் என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 62ஆவது பிரிவு இடம் தருகிறது. அதனால் அந்த வாசகத்துக்கு ஓரளவு பலம் உண்டு. ஆனால் பொய் சொன்னதையும் மறைத்ததையும் அது மூடிவிடாது.

## தனிநபரிடம் வாங்கியிருந்தால்

தொழிலாக விற்காத ஒருவரை, நுகர்வோர் வழக்குகளை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கு இழுப்பது கடினம். மின்வணிக விதிகள் பொருந்தா. 16ஆவது பிரிவின் தர நிபந்தனையும் அந்த வகைப் பொருளில் வியாபாரம் செய்கிறவரையே கட்டுப்படுத்துகிறது. 'வாங்குகிறவரே பார்த்து வாங்கிக்கொள்ளட்டும்' என்ற பழைய கொள்கைதான் இங்கே ஆட்சி செய்கிறது. தனிநபரிடம் வாங்கியவர் தோற்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஆனாலும் இரண்டு வாசல்கள் திறந்தே இருக்கின்றன.

1. விவரத்துக்குப் பொருந்தாமை. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. இது வணிகருக்கு மட்டுமான பிரிவு அல்ல. வீட்டுக் கட்டிலை விற்கிறவரையும் கட்டுப்படுத்தும். 'சுத்தமானது, பூச்சி எதுவும் இல்லை' என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் அந்தச் சொல்லுக்கு அவர் பொறுப்பு.
2. ஏமாற்றும் தவறான தகவலும். ஒப்பந்தச் சட்டத்தின் 17, 18, 19ஆவது பிரிவுகளின்படி, உண்மையைத் தெரிந்தே மறைத்தோ தவறான தகவல் தந்தோ பெற்ற சம்மதத்தை, ஏமாந்தவர் விரும்பினால் ரத்து செய்யலாம்.

இரண்டாவது வாசலில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. வெறுமனே பேசாமல் இருப்பது ஏமாற்றாகாது என்று 17ஆவது பிரிவு சொல்கிறது. அதை விளக்கச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு ஒரு குதிரை விற்பனை. குதிரைக்கு நோய் இருப்பது விற்பவருக்குத் தெரியும். ஏலத்தில் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அது ஏமாற்று அல்ல. ஆனால் அதே பிரிவில் இன்னொரு எடுத்துக்காட்டும் இருக்கிறது. வாங்குகிறவர், 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்' என்கிறார். விற்பவர் பேசாமல் நிற்கிறார். இப்போது அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம்.

1872இல் எழுதிய அந்த வரி, இன்று பழைய சோபா வாங்குகிறவரின் கையிலுள்ள மிகப் பெரிய பாதுகாப்பு. பணம் அனுப்புவதற்கு முன் விற்பவருக்கு ஒரு செய்தி எழுதினால் போதும்: "இந்தச் சோபாவிலோ உங்கள் வீட்டிலோ மூட்டைப்பூச்சி இருந்ததுண்டா? பூஞ்சணமோ வெள்ளச் சேதமோ உண்டா? இல்லை என்ற நம்பிக்கையில்தான் வாங்குகிறேன்." அவர் 'இல்லை' என்று எழுதினால் அது பொருளின் விவரமாகிறது. பதில் தராமல் விலையை மட்டும் பேசினால் அந்த மௌனமே பேச்சாகிறது. 'முன்பு இருந்தது, மருந்தடித்துவிட்டோம்' என்று நேர்மையாகச் சொன்னால், வாங்குவதா வேண்டாமா என்று அப்போதே முடிவெடுக்கலாம். கேட்காமல் வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. செலவில்லாத இந்த ஒரு செய்தியை எழுதாமல் விடுவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

ஏனென்றால் பழைய பொருள் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பணம் எண்ணிச் செலவழிக்கிறவர்கள்: முதல் வேலைக்காக ஊர் மாறி வந்தவர்கள், புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்கள், மாணவர்கள். ஏழாயிரம் ரூபாய்ச் சோபாவுக்குப் பிறகு, வீடு முழுவதற்கும் மருந்தடிக்கும் செலவும் அவர்கள் தலையில்தான் விழுகிறது.

## முதல் இரண்டு நாள்: வீட்டைக் காப்பதா, சான்றைக் காப்பதா?

பூச்சியைக் கண்டதும் யாருக்கும் தோன்றுவது, சோபாவைத் தெருவில் வீசிவிட வேண்டும் அல்லது மருந்தை அடித்துத் துடைத்துவிட வேண்டும் என்பதுதான். வீட்டைக் காக்க அது சரி. ஆனால் சான்று அதோடு அழிந்துபோகிறது. சான்றுக்காகச் சோபாவைக் கூடத்திலேயே வைத்திருந்தாலோ, பூச்சி படுக்கையறைக்குப் போய்விடுகிறது. இரண்டையும் சேர்த்துச் சமாளிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

சட்டம் இங்கே வாங்கியவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி, முன்பு பார்க்காத பொருளைச் சோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை, வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது. 42ஆவது பிரிவு எச்சரிக்கையும் செய்கிறது: நியாயமான காலம் கடந்த பிறகும் மறுப்புத் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டிருந்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஏற்றுக்கொண்ட பிறகு முழுப் பணத்தைக் கேட்கும் உரிமை தேய்ந்து, இழப்பீடு மட்டும் கேட்கும் நிலைக்கு இறங்க வேண்டியிருக்கும். எத்தனை நாள் 'நியாயமான காலம்' என்று சட்டம் எண் எதுவும் சொல்லவில்லை. அது பொருளையும் சூழலையும் பொறுத்தது. பூச்சி விஷயத்தில் இரண்டு நாளுக்குள் எழுத்தில் சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

43ஆவது பிரிவு பலருக்கும் தெரியாத ஒன்று. மறுத்த பொருளை விற்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கடமை, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, வாங்கியவருக்கு இல்லை. 'மறுக்கிறேன்' என்று தெரிவித்தாலே போதும். 'உங்கள் செலவில் வண்டி வைத்துக் கொண்டுவந்து போட்டால் பணம் தருகிறேன்' என்று கேட்பவருக்கு இதுதான் பதில்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை, வரிசையாக:

1. பொருள் வந்து இறங்கியதும் உள்ளே எடுத்துப் போகாமல் மாடிப்படியிலோ வாசலிலோ வைத்து, அடிப்பக்கம் உட்பட வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுப்பது.
2. பூச்சி தெரிந்தால் மடிப்பு, திருகு ஓட்டை, அடித்துணி ஆகியவற்றை நெருக்கமாகப் படமெடுப்பது. மூட்டைப்பூச்சியின் எச்சம் பேனா மை தெறித்தது போன்ற கரும்புள்ளிகளாக இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் இழுபடும். ஒளி புகும் வெளிர்நிறத் தோலுறைகள், ஒரு மில்லிமீட்டர் அளவிலான வெள்ளை முட்டைகள் ஆகியவற்றையும் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படமெடுப்பது.
3. சில பூச்சிகளையும் தோலுறைகளையும் ஒட்டும் டேப்பில் ஒட்டி, பிளாஸ்டிக் உறையில் மூடி, தேதி எழுதி வைப்பது.
4. பொருளைத் தடித்த பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி, வீட்டுக்கு வெளியே தள்ளி வைப்பது. அதில் உட்காரவோ படுக்கவோ கூடாது.
5. அன்றே விற்பவருக்கு எழுத்தில் மறுப்பு அனுப்புவது: என்ன கண்டீர்கள், பொருளை ஏற்கவில்லை, பணம் வேண்டும், எந்தத் தேதிக்குள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும்.

அந்தத் தேதிக்குள் அவர் வரவில்லை, பொருளை வைத்திருக்கவும் முடியவில்லை என்றால், இன்ன நாளில் அப்புறப்படுத்தப் போகிறேன் என்று மீண்டும் எழுதிவிட்டு, அப்புறப்படுத்துவதையும் படமெடுக்கலாம். தகவல் சொல்லாமல் அழிப்பது மட்டும் கூடாது.

## 'பூச்சி உங்கள் வீட்டில்தான் இருந்திருக்கும்'

விற்பவரின் கடைசி ஆயுதம் இது. இதற்குப் பதில் பூச்சியின் உடலிலேயே இருக்கிறது.

மூட்டைப்பூச்சி முட்டையிலிருந்து முதிர்ந்த பூச்சியாவதற்குள் ஐந்து முறை தோலுரிக்கிறது. ஒவ்வொரு முறை உரிப்பதற்கு முன்பும் அதற்கு இரத்தம் வேண்டும். எல்லாம் சாதகமாக இருந்தாலும் இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். நேற்று வந்த சோபாவின் அடித்துணிக்குள், பல பருவத்துப் பூச்சிகளும் குவிந்த தோலுறைகளும் காய்ந்த பழைய கறைகளும் இருந்தால், அவை ஓர் இரவில் அங்கே குடியேறியவை அல்ல. ஒன்றிரண்டு வளர்ந்த பூச்சி மட்டும் இருந்தால் வாதம் இரண்டு பக்கமும் போகலாம். கூடே இருந்தால் போகாது. அதனால்தான் பூச்சியைவிடத் தோலுறையையும் கறையையும் படமெடுப்பது முக்கியம்.

பூச்சி ஒழிப்புப் பணியாளரை வரவழைத்து, எந்தெந்தப் பருவத்துப் பூச்சிகள், எந்த இடத்தில், வீட்டின் மற்ற அறைகளில் உண்டா இல்லையா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். மற்ற அறைகளில் சுவடு இல்லை என்ற ஒரு வரி மிகுந்த பலம் தரும். கரப்பானுக்கும் இதே வழிதான்: குளிர்சாதனப் பெட்டியின் பின்புறக் கம்ப்ரசர் அறையிலும் கதவு ரப்பரின் மடிப்பிலும் பழைய முட்டைக்கூடுகள் இருந்தால், அவை அங்கேயே நாள்பட்டவை.

பொருளை ஆய்வகத்தில் சோதித்தால்தான் குறை தெரியும் என்ற நிலை வந்தால், மாதிரி எடுத்துத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளுக்குள் அறிக்கை பெற, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவு மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது.

## யாரிடம், எந்த வரிசையில் கேட்பது?

1. விற்பவரிடம், எழுத்தில். தொலைபேசியில் பேசினால், பேசிய சாரத்தை உடனே செய்தியாகவும் அனுப்பிவிட வேண்டும்.
2. தளத்தின் குறைதீர் அலுவலரிடம். மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரப் பலகையாக மட்டும் இருக்கும் தளம் பணம் தராது. ஆனால் புகார் எண் பின்னால் உதவும்.
3. வங்கியிடம். கடன் அட்டையிலோ டெபிட் அட்டையிலோ வணிகருக்குப் பணம் கட்டியிருந்தால், 'விவரித்தபடி இல்லை' என்ற காரணத்தில் பணத்தைத் திரும்ப எடுக்கும் கோரிக்கையை வங்கி வழியாக வைக்கலாம். அதற்குக் காலவரம்பு உண்டு, தாமதம் ஆகாது. யுபிஐயில் தனிநபருக்கு நாமே ரகசிய எண் இட்டு அனுப்பிய பணத்தை, பொருள் சரியில்லை என்பதற்காக வங்கி மீட்டுத் தராது. வாங்கும்போதே இதை நினைவில் வைப்பது நல்லது.
4. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். இது தீர்ப்புச் சொல்லும் இடம் அல்ல. வணிகரோடு பேசித் தீர்க்க முயலும் இடம்.
5. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவே மனுவைப் பதியலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

தனிநபர்மீது என்றால் வழி உரிமையியல் நீதிமன்றம். ஏழாயிரம் ரூபாய்க்கு அந்தப் படியேறுவது பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்ப்பதே பொருத்தமான வழி. எதிர்த்தரப்பு ஒத்துக்கொண்டால் மட்டுமே அது முடியும். முடிந்துவிட்டால் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமமான பலம் அதற்கு உண்டு.

காவல் நிலையத்துக்கு ஓடுவது எல்லா நேரத்திலும் சரிவராது. பொருள் மோசமாக இருந்தது என்பது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவுக்கு (மோசடிக் குற்றம்), தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு எண்ணை முடக்கிவிட்டவர், வேறொரு வீட்டுச் சோபாவின் படத்தைப் போட்டு விற்றவர் ஆகியோர்மீது புகார் கொடுப்பதில் பொருள் இருக்கிறது.

## எவ்வளவு கேட்கலாம்?

கொடுத்த விலை மட்டும் அல்ல. ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவின்படி, ஒப்பந்தம் மீறப்பட்டதால் இயல்பாக விளைந்த இழப்பையும் கேட்கலாம். வண்டிக் கூலி, பூச்சி ஒழிப்புச் செலவு, எறிய நேர்ந்த மெத்தை, தோல் மருத்துவரிடம் போன செலவு எல்லாம் ரசீது இருந்தால் இதில் அடங்கும். வணிகர் என்றால் மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஆணையம் தனியாகத் தொகை விதிக்கலாம். பொருளைச் சோதிப்பதில் நியாயமான கவனம் காட்டாமல் விற்று, அதனால் உடலுக்கோ மற்ற உடைமைக்கோ தீங்கு வந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆவது பிரிவின்கீழ், பொருளால் விளைந்த அந்தத் தீங்குக்கான பொறுப்பும் விற்பனையாளருக்கு வரக்கூடும்.

அதே 73ஆவது பிரிவு வாங்கியவரிடமும் ஒன்றைக் கேட்கிறது: இழப்பைக் குறைக்க உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா? பூச்சி தெரிந்த பிறகும் சோபாவை ஒரு மாதம் கூடத்திலேயே போட்டிருந்தவர், வீடு முழுவதற்குமான மருந்துச் செலவைக் கேட்டால் ஆணையம் தயங்கும். முதல் நாளே சுற்றி வெளியே வைத்தவர் கேட்டால் தயங்காது.

விடுதி நடத்துகிறவர்கள், மறுவிற்பனைக்கு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியவருக்கே அதில் விலக்கு. இருபது கட்டில் வாங்கிய விடுதிக்காரருக்கு சரக்கு விற்பனைச் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமும்தான்.

விற்பவர் பணத்தைத் தர ஒத்துக்கொண்டால், தொகை, தேதி, பொருளை யார் எடுத்துப் போவது ஆகிய மூன்றையும் செய்தியில் எழுதி இரு தரப்பும் ஒப்புக்கொள்வது நல்லது. பாதிப் பணத்துக்குச் சம்மதித்தால், மருந்துச் செலவுக்கும் சேர்த்துத்தானா என்பதையும் அதில் தெளிவாக்கிவிட வேண்டும். திரும்பப் போன சோபா மறுபடியும் விளம்பரத்துக்கு வருவதுண்டு. அப்படி வந்தால், இந்த முறை 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொல்ல முடியாது. படங்களோடும் தேதியோடும் நீங்கள் அனுப்பிய மறுப்புக் கடிதம் அவர் கைப்பேசியிலேயே இருக்கிறது. அடுத்து வாங்கி ஏமாந்தவர் வழக்குப் போட்டால், தெரிந்தே மறைத்தார் என்பதற்கு அதுவே சான்றாகும்.